பேட்டரி டிரில்: இலக்கணமும் இரவலும்

பேட்டரி டிரில் மூன்று உறுப்புகளால் ஆனது: விசையுள்ள உடல், பிட்டைக் கவ்வும் சக், அடியில் மாட்டும் பேட்டரி. இரவல் கேட்டு வரும் எதிர்வீட்டுக்காரரை நான்காம் உறுப்பாகக் கொள்ளும் கொள்கை மதுரை வில்லாபுரத்தில் வலுவாக உண்டு. அது உரிய இடத்தில் ஆராயப்படும்.

பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த கம்பியில்லா டிரில்லில் இருந்தது நிக்கல்-காட்மியம். இன்றைக்கு லித்தியம்-அயான். அதை உருவாக்கியதற்காக குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. மூவரின் உழைப்பும் வில்லாபுரத்தில் பெரும்பாலும் தினசரிக் காலண்டர் மாட்டப் பயன்படுகிறது. ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், ஐந்தை வரிசையாக இணைத்தால் 18. முழு சார்ஜில் செல் 4.2-ஐத் தொடுவதால் அதே ஐந்து செல்லைப் பெட்டியில் 21 என்றும் அச்சிடலாம். அந்த மூன்று வோல்ட்டுக்குத் தனி விலை கேட்கும் கடைக்காரரிடம் இக்கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம். விலை குறையும் என்பதற்குச் சான்று இல்லை.

பிட் மாற்றுமுன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். தோளில் கிடக்கும் துண்டையும்தான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடும். அந்தக் கோட்டில் துளை ஆகாது. சக்கை ஒட்டிய வளையத்தில் எண்கள் ஸ்குரூவுக்கு, பிட் படம் மரத்துக்கு, சுத்தியல் படம் சுவருக்கு. சுத்தியலுக்குத் திருப்பாமல் செங்கல்லோடு மல்லுக்கட்டினால் பிட் சூடாகுமே தவிர ஓட்டை விழாது. முதலில் உதிர்வது சாம்பல் நிறப் பொடி. அது சிவந்தால் பிட் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போய்விட்டது. இந்த இடத்தில்தான் பலர் உடல் பாரம் முழுவதையும் மெஷின்மேல் சாய்க்கிறார்கள். தேவையில்லை, அவ்வப்போது பிட்டை வெளியே இழுத்துப் பொடியை உதிர்த்தால் போதும். கண்ணாடி போடாதவரின் கண்ணில் விழுவதும் அதே பொடி.

வேனிலும் நண்பகலும் பாலைத் திணைக்குரிய பொழுதுகள். பேட்டரிக்கு ஆகாத பொழுதுகளும் அவையே. மதுரைக் கோடை 40 டிகிரியைத் தாண்டும். லித்தியம்-அயானை சார்ஜ் செய்ய ஏறத்தாழ அதுவே மேல் எல்லை. வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாமல் ஆறவிட வேண்டும். ஆயினும் வீட்டு டிரில்லின் பேட்டரி உழைத்துச் சாவது அரிது. பரணில் கிடந்தே சாகிறது. கான்கிரீட் தளத்தை ஒட்டிய பரணில் வெக்கை தேங்கும். முழு சார்ஜோடு அங்கே ஏறும் பேட்டரி வேகமாக முதுமையடையும். பாதி சார்ஜில் பீரோவின் கீழ்த்தட்டே தக்க இடம். அத்தட்டு பட்டுப்புடவைகளின் ஆட்சியில் இருப்பதால் அனுமதி தனியே பெறவேண்டும். ஆணி டப்பாவுக்குள் மட்டும் போடலாகாது: ஓர் ஆணி இரு முனைகளையும் இணைத்தால் தீப்பிடிக்கக்கூடும்.

இனி இரவல். முழு சார்ஜோடு போகும் டிரில் மூச்சடங்கித் திரும்பும். 6 மில்லிமீட்டர் பிட் திரும்புவதே இல்லை. “பேட்டரி சார்ஜ்ல கெடக்குண்ணே” என்று மெஷினை மட்டும் நீட்டுவது தற்காப்பு மரபு. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொதுவாகப் பொருந்தாது என்பதால் இம்மரபு எளிதில் உடைவதில்லை.

உப்பிய பேட்டரியை சார்ஜ் செய்யவோ பிரிக்கவோ குத்தவோ கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று அகற்றும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. பழைய இரும்புக் கடைத் தராசுக்கு இல்லை.