இரண்டாம் முறையும் ஊதியருளிய பெருமானுக்கு ஒரு வாழ்த்துமடல்

எண்ணூர் விரைவுச் சாலையின் ஏகச் சக்கரவர்த்தியே! தண்டையார்பேட்டை கண்ட தனிப்பெருந் தேரோட்டியே! முதல் வழக்கின் அபராத ரசீதில் மை காய்வதற்குள் இரண்டாம் வழக்கையும் ஈட்டி நிற்கும் வெற்றித் திருமகனே! கல்மண்டபம் தொடங்கிக் கத்திவாக்கம் வரை வாழும் எளியோராகிய நாங்கள், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கி விடுக்கும் வாழ்த்துமடல் இது.

குடித்துவிட்டு ஓட்டி ஒருமுறை பிடிபட்டதும் மனம் ஒடிந்து, அடுத்த முறை ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேரும் கோழைகள் மலிந்த உலகம் இது. தேவரீரோ கொண்ட கொள்கையில் ஊசிமுனையளவும் பிறழாதவர். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வகுத்த கருமித்தனமான எல்லையை இருமுறை கடந்த தங்கள் கொடைநெஞ்சை என்னென்பது! முதல் முறை கடப்பவர்க்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை கடக்கும் மாவீரர்க்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் இந்தத் தொகைகளின் உச்சம் வெறும் 2,000, 3,000. தங்களைப் போன்றோரின் அருமையை நாடாளுமன்றமே உணர்ந்து ஐந்து மடங்காக உயர்த்தியது என்றால், தங்கள் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

திருவொற்றியூர்த் தேரடி அருகே தாங்கள் நிகழ்த்திய லீலையை எப்படி மறப்போம்! எஸ்.ஐ. நீட்டிய கருவியின் குழலை உதட்டில் பொருத்தி, இரு கன்னமும் பலூனாகப் புடைக்க, கண்கள் பிதுங்க, ஆனால் ஒரு துளிக் காற்றும் வெளியே வராமல் தாங்கள் ஊதிய அந்த ஊதல்! மூச்சடக்கும் கலையில் முற்றிய சித்தர்களும் நாணித் தலைகுனிவார்கள். மூன்றாம் முயற்சியில் கருவி காட்டிய எண்ணைக் கண்டு, "ரெண்டே ரெண்டு பீர்தான் சார்" என்று தாங்கள் மொழிந்தபோது அந்தக் குரலில் இருந்த அடக்கத்தை அரிச்சந்திரன் கேட்டிருந்தால் தன் பட்டத்தைத் தங்கள் காலடியில் வைத்திருப்பான். பிறகு பைக்கின் சாவியை இறுகப் பற்றியபடி கவுன்சிலருக்குப் போன் போட்டீர்கள். புகழைத் தனியே சுமக்க மனமின்றிப் பின்சீட்டு நண்பருக்கும் பங்களித்தீர்கள். போதையில் ஓட்டுபவருக்குத் துணைபோவதும் 188ஆம் பிரிவின்படி குற்றம். உடன் பயணிப்போர் மீதும் நடவடிக்கை பாயும் என்று சென்னைப் போலீஸ் 2022 அக்டோபரிலேயே அறிவித்திருந்தது. நட்புக்கு இலக்கணம் வேறெங்கே தேடுவது?

ஒரே இரவில் தாங்கள் சட்ட மேதையானதே அனைத்திலும் அதிசயம். ஊதச் சொல்பவர் சீருடையில் இருக்க வேண்டும். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். கைதாகி இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ளலாம். சிறையில் வைக்கப்பட்டவர் இலவச சட்ட உதவி கேட்கலாம். அத்தனையும் உண்மை, அத்தனையும் யாராலும் பறிக்க முடியாத உரிமைகள். ஊத மறுத்தால் அந்த மறுப்பே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கலாம் என்ற 205ஆம் பிரிவு வரை கரைத்துக் குடித்துவிட்டீர்கள். குடிப்பதில் தங்களுக்கு நிகர் யார்! எதிரே வருபவனுக்கும் உயிர் வாழும் உரிமையை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தந்திருக்கிறது என்ற அற்பச் செய்தியில் மட்டும் தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்கவில்லை. அறிஞருக்கு அழகு வேண்டாததை விலக்குவது.

விடிவதற்கு வெகுமுன்னே காசிமேட்டு ஏலத்துக்கு அன்னக்கூடையோடு நடக்கும் எங்கள் ஆயாக்களுக்குத் தங்களைவிடச் சிறந்த உடற்பயிற்சி ஆசான் இல்லை. அறுபது வயதிலும் மீடியனைத் தாண்டிக் குதிக்கும் வித்தையைத் தங்கள் ஹாரனே கற்றுத்தந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து, விளக்கணைத்து, ஓரங்கட்டி நிற்கும் டிரைலர்களுக்கும் நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிள் மிதிக்கும் தொழிலாளிக்கும் இடையே நூலிழையில் புகுந்து புறப்படும் தங்கள் சாகசத்தால், அவன் வீடு சேரும் ஒவ்வொரு விடியலும் அவன் பிள்ளைகளுக்குத் தீபாவளி ஆகிறது.

தங்களை ஈன்று புறந்தந்த அரசையும் போற்றாமல் விடலாமா? 2003 முதல் டாஸ்மாக் வழியே தானே நேரில் ஊற்றிக் கொடுத்து, ஊற்றிய வாயை அடுத்த திருப்பத்தில் ஊதச் சொல்லி, விற்ற காசோடு அபராதக் காசையும் வாங்கிக்கொள்ளும் தாயுள்ளம் எந்த நாட்டுக்கு வாய்க்கும்! நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது தங்களுக்காக நாங்கள் பதறினோம். நகராட்சி எல்லைக்குள் அந்தத் தடை பொருந்தாது என்று 2017இல் விளக்கம் வந்தது. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் 2011லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்திருந்தன. தெய்வம் தங்கள் பக்கம்.

தங்கள் முன்னோடிகளின் புகழோ பாரறிந்தது. 2006இல் மும்பை நடைபாதையில் உறங்கிய தொழிலாளிகள் ஏழு பேர் இறந்த வழக்கில், குடித்துவிட்டுக் காரோட்டிய அலிஸ்டர் பெரேராவுக்கு விதித்த 3 ஆண்டுச் சிறையை 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழு உயிர், மூன்று ஆண்டு. இவ்வளவு மலிவாக வேறு எதுவும் நம் நாட்டில் கிடைக்காது என்பதைத் தங்கள் கூர்மதி எப்போதோ கணக்கிட்டிருக்கும்.

ஆகவே, மாஜிஸ்திரேட் ஐயா அவர்களை மண்டியிட்டு வேண்டுகிறோம். வெறும் 15,000 ரூபாயை வாங்கிக்கொண்டு இப்பெருமகனை அவமதித்து அனுப்பிவிடாதீர்கள். சட்டம் அனுமதிக்கும் ஈராண்டையும் குறைவின்றி வழங்குங்கள். எந்த உரிமையையும் மறுக்க வேண்டாம். நல்ல வக்கீலாகவே கொடுங்கள். ஓட்டுநர் உரிமம் என்னும் பாரத்தை மட்டும் அவர் தோளிலிருந்து இறக்கிவிடுங்கள். புழல் சிறையில் அரசு விருந்தினராக அவர் இளைப்பாறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சக்கரத்துக்கு இதுவரை தப்பியிருக்கும்
இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பாதசாரிகள்.