பம்பா, மாட்யூலா?

கே: மே மாத வெயிலில் கார் திடீரென்று நின்றுவிடுகிறது, ஆறியதும் கிளம்புகிறது. பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?
- வாசகர், ஆர்.கே.புரம், புதுதில்லி

ப: பொறுங்கள்! மகுடிக்காரர் மயங்கி விழுந்தால் பாம்பையா மாற்றுவது? பம்புக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கன்ட்ரோல் மாட்யூல் தனியாக உள்ள வண்டியென்றால், என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். தில்லியின் 45 டிகிரியில் அதன் உள்ளிணைப்புகள் விட்டுப்போகலாம். வண்டி நின்ற அந்த நிமிஷமே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்; ஆறிவிட்டால் தடயம் போச்சு! ஃபியூஸ், ரிலே, எர்த் சரியாக இருந்து, மாட்யூலுக்கு 12 வோல்ட்டும் இன்ஜின் கம்ப்யூட்டரின் உத்தரவும் வந்து, பம்புக்கு மட்டும் எதுவும் போகவில்லை என்றால் மாட்யூலே குற்றவாளி. மின்சாரம் போயும் பம்பு சுற்றாவிட்டால், மெக்கானிக் சொன்னதே சரி. மாட்யூல்தான் பழுதென்றால், பழைய மாட்யூலின் பார்ட் நம்பரோடு காஷ்மீரி கேட் கடைகளுக்குப் போங்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுங்கள். சில மாடல்களில் ஸ்கேனர் மூலம் பதிவு செய்தால்தான் வேலை செய்யும்.