ஆர்சியில் இல்லாத கார்

மட்டாஞ்சேரி வட்டாரத்துக்குரிய கேஎல்-43 பதிவெண்ணுடன் இடக்கொச்சியில் விலைக்கு நிற்கும் பழைய ஹோண்டா சிட்டி விடெக், அதாவது 106 குதிரைத்திறன் என்ஜினின் தயவால் நடுத்தர வர்க்கத்தின் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பதவியை எட்டிய செடான், உண்மையில் இரண்டு கார்கள்: ஆர்சி எனப்படும் பதிவுச் சான்றில் சாதுவாக இருப்பது ஒன்று, தெருவில் உறுமுவது மற்றொன்று. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரள உயர் நீதிமன்றம் காட்டியிருந்த சிறிது தாராளத்தையும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே, என்ஜின் புகையைத் திரட்டி வெளியேற்றும் ஹெட்டர், வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் கோயிலோவர் ஆகியவற்றின் பில்களையெல்லாம் கூட்டி உரிமையாளர் விலை சொல்ல, வாங்க வந்தவரோ அவற்றைக் கழற்றுவதற்கான கூலியை அதே விலையிலிருந்து கழிக்கிறார். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அந்த ஒரு நாளுக்காகக் கம்பெனி சைலன்சர் பரணிலிருந்து இறங்கி வருவதுண்டு. எனவே விற்பனை விளம்பரத்தில் அதிக மதிப்புடைய வரி ‘ஒரிஜினல் பாகங்கள் கைவசம் உண்டு’ என்பதே; அதை விற்பவர் கடைசியில், சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறார்.