மின்னஞ்சல் முகவரியில் கேபிடலும் ஸ்மாலும்: மதுரை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: மின்னஞ்சல் முகவரியைக் கேபிடலில் எழுதினாலும் ஸ்மாலில் எழுதினாலும் கடிதம் ஒரே பெட்டிக்குப் போகுமா? தமிழ் எழுத்தில் இந்தப் பேதமே இல்லாததால் தொல்காப்பியர் இதைத் தொடவில்லை. பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

முகவரி இரண்டு உறுப்பு உடையது. 'அட்' குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயரில் பெரிது சிறிது பேதம் கிடையாது. இவ்வியல் முற்றிற்று.

குறிக்கு முன்னால் வருவது ஆள்பெயர். இதற்கு மூலநூல், 2008-இல் ஜான் கிளென்சின் தொகுத்த ஆர்.எஃப்.சி. 5321. இப்பகுதியில் எழுத்து வேறுபாட்டைக் கட்டாயம் காக்க வேண்டும் என்கிறது அந்நூல். அதே மூச்சில், அந்த வேறுபாட்டை நம்பி யாரும் பெட்டி வைக்காதீர்கள் என்றும் சொல்கிறது. 'போஸ்ட்மாஸ்டர்' என்ற பெயரை மட்டும் எப்படி எழுதினாலும் செல்லும். ஜிமெயிலோ கேபிடலையும் பார்ப்பதில்லை, ஆள்பெயரின் நடுவே வரும் புள்ளியையும் பார்ப்பதில்லை. மாங்குளத்துக் குகையில் புள்ளியே வைக்காமல் மெய்யெழுத்தைப் பொறித்த நாட்டாருக்கு இது புதுமை அன்று.

இனி, படிவவியல். 'கேபிடல் லெட்டரில் நிரப்புக' என்று படிவம் ஆணையிடும். மேலூர்ச் சம்சாரி பணிந்து முகவரியையும் கேபிடலிலேயே எழுதுவார். கம்ப்யூட்டர் பையன் அதை ஸ்மாலில் அடிப்பான். "ஏம்ப்பா, மாத்தி அடிச்சிட்டியே, ஓடிபி வருமா?" "அதெல்லாம் வரும்ய்யா." இங்கேதான் கட்சிகள் பிறந்தன.

கேபிடல் கட்சிக்கு ஆதாரம் 'மாட்டுத்தாவணிச் சுவடி'யில் டீக்கறைக்கு மேலுள்ள வரி. ஸ்மால் கட்சிக்கு ஆதாரம் கறைக்குக் கீழுள்ள வரி. கறையே மூலபாடம், வரிகள் இரண்டும் இடைச்செருகல் என்பது சமரசக் கட்சி. இதை அவர்கள் 'ஜிகர்தண்டா விருத்தியுரை'யின் பின்னிணைப்புக்கு எழுதப்பட்ட அடிக்குறிப்பின் பாடபேதம் கொண்டு நிறுவுவர். கறையின் காலத்தில் மட்டும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கீழடிப் பானையோட்டுக்கே ஒத்துப்போகாதவர்கள் டீக்கு ஒத்துப்போவார்களா?

மூன்று கட்சியிலும் எவரும் தமக்குத் தாமே இரண்டு விதமாக ஒரு மெயில் அனுப்பிப் பார்த்ததில்லை. அனுப்பினால் விடை தெரிந்துவிடும். அடுத்த கருத்தரங்குக்குப் பயணப்படி கிடைக்காது.

முடிபு: முகவரியை ஸ்மாலில் எழுதுக. படிவம் கேபிடலில் கேட்டால் தயங்காமல் கொடுக்க, ஓடிபி வரும். பாஸ்வேர்டை மட்டும் பார்த்து அடிக்க. அங்கே சமரசக் கட்சி கிடையாது.