சாத்தான் விளக்கும் வெயில் ஐஸும்

காற்றாடி வைத்து வீட்டுக்கு விளக்கேற்றியவருக்கு ஊரே மாலை போட்டிருக்கும் என்று நினைத்தால், உங்களுக்கு ஊர்களைப் பற்றித் தெரியாது. ஜேம்ஸ் பிளைத் கிளாஸ்கோவில் பேராசிரியர். 1887-ல் ஸ்காட்லாந்தின் மேரிகர்க் கிராமத்தில், தன் விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப்பாய் கட்டிய காற்றாடியை நிறுத்தி, பாட்டரியில் மின்சாரம் சேர்த்து, வீட்டை வெளிச்சமாக்கினார். மின்சாரம் மிஞ்சியது. மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். மெயின் ரோட்டுக்கும் விளக்குப் போடலாமே என்று கேட்டுத் தொலைத்தார். இது சாத்தான் வேலை என்று சொல்லிவிட்டு, ஊர் இருட்டிலேயே தடவிக்கொண்டு நடந்தது.

பிளைத் அடுத்த காற்றாடியை மான்ட்ரோஸ் மனநல மருத்துவமனைக்குக் கட்டிக் கொடுத்தார். அது பல வருஷம் ஓடியது. புத்தி எந்தப் பக்கம் தெளிவாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

பிரான்ஸ் இன்னும் நாசூக்கு. அங்கே கழுத்தில் பதக்கம் மாட்டித்தான் கவிழ்ப்பார்கள். அகஸ்டின் மூஷோ என்ற கணக்கு வாத்தியார், 1878 பாரிஸ் கண்காட்சியில் வெயிலைக் குவித்து நீராவியாக்கி, அந்த நீராவியை வைத்து ஐஸ்கட்டி செய்து காட்டினார். வெயிலில் ஐஸ்! தங்கப் பதக்கம் கொடுத்துக் கை தட்டினார்கள். அதற்குள் நிலக்கரி மலிந்துவிட்டது. அரசாங்கம் பணத்தை நிறுத்தியது. மூஷோ 1912-ல் வறுமையில் செத்தார். கரி வாங்கக் காசிருந்ததோ என்னவோ.

பெட்ரோல் விலை ஏறிய 1970-களில்தான் எல்லாருக்கும் சூரிய பகவானும் வாயு பகவானும் ஞாபகம் வந்தார்கள். டென்மார்க்கில் ட்விண்ட் பள்ளி வாத்தியார்கள், வந்த தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு 1978-ல் ராட்சதக் காற்றாலை ஒன்றைத் தாங்களே கட்டினார்கள். ஜெர்மனியிலோ பெரிய பெரிய இன்ஜினீயர்கள், அரசாங்கப் பணம், 100 மீட்டர் கோபுரம், 3 மெகாவாட். 1983-ல் சுழல ஆரம்பித்த க்ரோவியான் என்ற அந்தக் காற்றாலை, விரிசல் விட்டுப் பெரும்பாலும் நின்றே கிடந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிரித்துப்போட்டார்கள். வாத்தியார்கள் கட்டியது 2020-களிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெர்மன் மின்சாரக் கம்பெனிகளுக்கு உள்ளூர சந்தோஷமோ என்னவோ, 1993-ல் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தன: சூரியன், தண்ணீர், காற்று எல்லாம் சேர்ந்தாலும், எத்தனை காலமானாலும், நாட்டின் மின்தேவையில் 4 சதவீதத்தைத் தாண்டாது. முப்பதே வருஷம். 2023-ல் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் எல்லாம் சேர்ந்து பாதியைத் தாண்டியது. ஜோசியருக்காவது பரிகாரம் தெரிந்திருக்கும்.

அமெரிக்கக் கதை மாடியில் நடந்தது. 1979-ல் அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 32 சோலார் வெந்நீர்ப் பலகைகளை ஏற்றினார். ரீகன் காலத்தில், 1986-ல், கூரை மராமத்து என்று சொல்லி இறக்கினார்கள். மராமத்து முடிந்தது, பலகைகள் திரும்ப ஏறவில்லை. கிடங்கில் கிடந்தவற்றை மெய்ன் மாநிலக் கல்லூரி ஒன்று வாங்கிப்போய் வெந்நீர் போட்டுக்கொண்டது. அதில் ஒரு பலகை, பின்னால் சீனாவில் ஒரு சோலார் கம்பெனியின் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று உலகத்தின் பெரும்பாலான சோலார் பேனல்களைச் செய்து விற்பது சீனாதான். வாங்குகிற வரிசையில் அமெரிக்காவும் நின்றது, வரி போட்டுத் திட்டிக்கொண்டே.