அகப்பக்கம் திறந்த எழுத்தாளர்

சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங், அலோர் ஸ்டார் என்று மலேசியாவின் கெடா மாநிலத்தில் தமிழர்கள் நாலு பேர் கூடி மேடை போடும் எந்த ஊரிலும் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். இல்லையென்றால் தோட்டத்துக் கிராணி மகன். சட்டைப் பையில் எப்போதும் பெயர் அட்டை இருக்கும். முன்பு அதில் பெயரும் மூன்று பட்டங்களும் இரண்டு கைப்பேசி எண்களும் இருந்தன. இப்போது மூலையில் ஒரு கருப்புக் கட்டமும் ஏறியிருக்கிறது. “வருடிப் பாருங்க ஐயா, நம்ம அகப்பக்கம்” என்று நீட்டுவார். நீங்கள் கைப்பேசியை எடுத்துப் பக்கம் திறக்கும்வரை நகரமாட்டார். செய்து கொடுத்தது தங்கை மகன். “எழுத்தாளர்னா ஒரு பிராண்டு வேணும் மாமா” என்று சொன்னதும் அவன்தான். பிராண்டு என்பது சோப்புக்கும் மைலோவுக்கும் மட்டும் உரியதில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அகப்பக்கத்தைத் திறந்ததும் வருவது படம். மோவாயில் கை, பார்வை தொலைவில், பின்னால் பால்மரம். அவர் பிறந்த தோட்டம் முதலில் செம்பனையாகி, பிறகு வீடமைப்புத் தாமானாகிவிட்டதால் மரத்துக்குக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. படத்துக்கு மேலே சின்னம்: பேனா முனையிலிருந்து பால் மங்கில் சொட்டுச் சொட்டாக விழும் மை. அதற்குக் கீழே முழக்கம்: ‘தோட்டத்திலிருந்து தொடுவானம்வரை’. அடுத்து வாழ்க்கைக் குறிப்பு, படர்க்கையில் அவரே எழுதியது. அது 1025இல், ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்துக்கு, அதாவது அன்றைய கெடாவுக்கு, வருவதில் தொடங்குகிறது. இரண்டாம் பத்தியில் பூஜாங் பள்ளத்தாக்கின் சிதைந்த கோயில்கள். மூன்றாம் பத்தியில், இத்தகைய பெருமைமிகு மண்ணில், நம்மவர் பிறக்கிறார். நடுவிலுள்ள தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளில் கெடாவில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை போலிருக்கிறது. பிறகு விருதுகள், பொன்னாடைகள், வாழ்த்துரைகள், படக்கூடம். படக்கூடத்தில் டத்தோவுடன் ஒரு படம், அமைச்சரின் செயலாளருடன் ஒரு படம், விமான நிலையத்தில் அவசரமாக நடந்துகொண்டிருக்கும் தமிழ்நாட்டுப் பாடலாசிரியருடன் ஒரு படம். எல்லாம் சரி, கதை எங்கே என்று தேடினால் ‘நூல்கள்’ என்றொரு பிரிவு வரும். அதில் ஐந்து அட்டைகள். ஓர் அட்டையைத் தொட்டால் அட்டை பெரிதாகும். மறுபடி தொட்டால் சிறிதாகும். கணினியில் சுட்டியின் வலப்பக்கப் பொத்தானைச் சொடுக்கினால் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: பதிப்புரிமை பெற்றது, மீறினால் சட்ட நடவடிக்கை. ஒரு வரிகூட வைக்காத இடத்தில் திருட என்ன இருக்கிறது என்று கேட்டால், “இப்ப எதைத்தான் திருடல?” என்பார். கட்டிலுக்கடியில் ஐந்து பெட்டி நிறைய அவர் நூல்கள் கிடக்கின்றன. திருடன் ஒருவன் வந்தால் நல்லது என்று வீட்டம்மா நினைப்பதுண்டு.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்த அகப்பக்கம் இப்படி அமைந்ததற்குத் தங்கை மகன் காரணமில்லை. காரணம் நம் நூல் வெளியீட்டு விழாவில் இருக்கிறது. மலேசியாவில் தமிழ் நூலுக்குப் பெரும்பாலும் எழுத்தாளரே பதிப்பாளர், அவரே விநியோகஸ்தர். சென்னையில் அச்சடித்துக் கப்பலில் வரவழைத்தாலும் சில ஆயிரம் வெள்ளி கைப்பணம் போகும். அதை ஒரே மாலையில் மீட்கக் கண்டுபிடித்த வழிதான் விழா. அழைப்பிதழில் பெயர் வரிசை தவறாமல் பார்த்துக்கொண்டு, ஒரு டத்தோவையோ சட்டமன்ற உறுப்பினரையோ பிடித்து, முதல் நூலை ஆயிரம் வெள்ளிக்கு வாங்க வைத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். மீதி வாசல் மேசையில் தீரும். இருபது வெள்ளி நூலுக்கு உறையில் ஐம்பது வைப்பார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்பது நோட்டில் ஏறும். அவர்கள் நூல் வெளியிடும்போது இவர் திருப்பிச் செய்ய வேண்டும். கல்யாண மொய்க்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான்: கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒருமுறையாவது பார்ப்பார்கள். இங்கே நூல் போட்டுக் கொடுத்த பை அப்படியே வீட்டுக்குப் போய், சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் அமர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டைக் கேலி செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தமிழ் நூல்களுக்கென்று தனிக்கடை அரிதாகிப்போன ஊர்களில் இது இல்லையென்றால் பல நல்ல நூல்களும் அச்சேறியிருக்காது. ஆனால் இதன் விலை என்னவென்றால், வாசகர் என்ற ஆள் தேவையில்லாமலே போட்ட பணம் திரும்பிவிடுகிறது. விருந்தினர் வந்தால் போதும். நம்மவருடைய அகப்பக்கம் அந்த விழாவின் நகல். வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, படம் எல்லாம் அங்கே உண்டு. விழாவில் கதை வாசிக்கப்படுவதில்லை, அகப்பக்கத்திலும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். கதையை அனுப்பியவர்களுடைய எழுத்தைப் பத்திரிகையிலேயே, ஊரறிய, எடை போட்டார்கள். கு. அழகிரிசாமி 1952 முதல் சில ஆண்டுகள் அதே நேசனில் ஆசிரியராக இருந்து, எழுதுகிறவர்களுக்கு எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தில் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் கொடுத்தது. தோட்டத்தில் பத்திரிகை வாங்கும் வீடு ஒன்றோ இரண்டோதான். படிப்பவர்களும், பிறர் படிக்கக் கேட்பவர்களும் அதைவிடப் பல மடங்கு. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர், பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் ஞாயிறு இதழின் கதையைப் பற்றித் தகராறு பண்ணினார். எழுதியவரின் முகம் அவருக்குத் தெரியாது. புனைபெயர் என்பதால் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. கதை தெரியும், அது போதுமானதாக இருந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்திலிருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குச் சிதறினார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும் 2019இல் நின்றுபோனது. ஆகவே வாசகரைக் காணவில்லை என்று நம்மவர் புலம்பும்போது அதில் பொய்யில்லை. தேடிய இடம்தான் தவறு.

“பாரதியே விளம்பரம் பண்ணலையா?” என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. 1920இல் கடையத்திலிருந்து பாரதி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை நாற்பது நூல்களாக, பல்லாயிரம் படிகள் அச்சிடப் பணம் கேட்டார்; மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிட வேகமாக அவை விற்கும் என்று நம்பிக்கை சொன்னார். இன்றைய பிராண்டு ஆலோசகர் எவரும் அவரைவிடத் துணிச்சலாகப் பேசிவிட முடியாது. பணம் வரவில்லை, மறு ஆண்டே அவர் போய்விட்டார். ஆனால் திட்டம் தோற்றதே தவிர பாட்டு தோற்கவில்லை. ‘இந்தியா’ இதழிலும் சுதேசமித்திரனிலும் அச்சாகி, யார் யாரோ வெட்டி வைத்து, பாடி, பரப்பிய எழுத்து ஏற்கெனவே வெளியில் இருந்தது. இதைச் சொன்னால், “அது அந்தக் காலம், இப்ப எல்லாம் தொழில்நுட்பம்” என்று பேச்சு மாறும். தொழில்நுட்பத்தில் நமக்கு என்ன குறை? உலகத் தமிழர்கள் கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கிய காலத்தில் கையாண்ட முரசு அஞ்சலை 1985இல் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியக்காரர். எழுத்துருவுக்கு நாம் யாரிடமும் கையேந்தவில்லை. அதில் எதை ஏற்றுவது என்பதில்தான் நம்மவருக்குக் குழப்பம்.

அவருடைய வலுவான மறுப்பு இனிமேல்தான் வரும்: “ஜெயமோகன் அகப்பக்கம் வச்சிருக்காரே?” வைத்திருக்கிறார். 2014 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ முழுவதையும், இருபத்தாறு நாவல்களையும், அன்றாடம் அதில் இலவசமாகப் போட்டார். பிறகு அதே நாவல்கள் அச்சிலும் வந்து விலைக்குப் போயின. இலவசமாகக் கொடுத்தால் நூல் விற்காது என்ற நம்மவரின் அச்சத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு தேவையில்லை. யாரும் வாங்காமல் கிடக்கும் ஐந்து பெட்டி நூலுக்கு இலவசம் என்ன கெடுதல் செய்துவிடும்? “எல்லாரும் ஜெயமோகன் ஆக முடியுமா, இது கெடா” என்றால், கெடாவையே பார்ப்போம். சீ. முத்துசாமி இங்குள்ள தோட்டப்புறத்து மனிதர். எழுபதுகளில் எழுதினார், நடுவில் நீண்ட காலம் எழுதாமலிருந்தார், மீண்டும் வந்து ‘மண்புழுக்கள்’ நாவலை எழுதினார். மேடைக்கு அலையாதவர். 2017இல் விஷ்ணுபுரம் விருது கோயம்புத்தூரிலிருந்து அவரைத் தேடி வந்தது. படித்தவர்கள் தேர்ந்தெடுத்த விருது. லுனாஸில் பிறந்த ம. நவீன் 2007இல் வல்லினத்தை அச்சிதழாகத் தொடங்கி, பின்னர் இணையத்துக்குக் கொண்டுபோனார். அதைத் திறந்தால் கதைகள் கிடைக்கும், கதைகளை அடித்துத் துவைக்கும் விமர்சனங்களும் கிடைக்கும். 1981இல் லுனாஸில் விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டதைத் தொட்டு அவர் எழுதிய ‘பேய்ச்சி’ நாவலை 2020இல் உள்துறை அமைச்சு தடை செய்தது. அந்தத் தடை சரியென்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் நம்மவர், “பார்த்தீங்களா, சர்ச்சைதான் பிராண்டு” என்று கண்ணடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரோ சில பக்கங்களையாவது படித்ததால்தான் சர்ச்சையே வந்தது. இவர் நூலைத் தடை செய்ய நினைத்தாலும், அமைச்சில் ஒருவர் முதலில் அதைத் திறக்க வேண்டும்.

படிக்க ஆளே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. சுங்கைப் பட்டாணியின் கே. பாலமுருகன் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக மர்ம நாவல்களை வரிசையாக எழுதினார். குகையும் ஓநாயும் ரகசியக் கதவும் நிறைந்தவை. கெடாவில் ஐம்பதுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பதினோரு வயதுப் பிள்ளை பொன்னாடை போர்த்தாது, உறை வைக்காது. கதை பிடித்தால் அடுத்த பாகம் எப்போது என்று கேட்கும், பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடும். கூலிமில் சுவாமி பிரம்மானந்தரின் ஆசிரமத்தில் நவீன இலக்கியக் களத்தினர் நூல்களைப் படித்துவிட்டு வந்து பேசும் கூட்டங்களை நடத்தி வந்திருக்கிறார்கள். அங்கே வருபவர்கள் சில பத்துப் பேர்தான். அவர்களில் பாதிப் பேர் நம்மவரின் அகப்பக்கத்துக்குள் வந்து ஒரு கதையைப் படித்தால்கூட, ‘வருகையாளர்’ என்று கீழே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணிக்கைக்கு முதல்முறையாக அர்த்தம் வரும். இப்போது அதில் ஏறுவது பெரும்பாலும் அவருடைய சொந்த விரல்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவர்மேல் கோபம் வருவதில்லை. சேமிப்பிலிருந்து எடுத்து அச்சடித்தவர். யாரும் கேட்காமலே முப்பது ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருப்பவர். அவருக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது, மாலை கிடைத்திருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டு வந்து சண்டை பிடித்தது மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குறையை அவர் சின்னத்தாலும் முழக்கத்தாலும் நிரப்பப் பார்க்கிறார். ஆகவே விழாவுக்குப் போகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையை அலமாரிக்கு அனுப்பும் முன் நூலில் ஓர் அத்தியாயத்தைப் படியுங்கள். மறுநாள் அவரைக் கூப்பிட்டு, “என்னங்க ஐயா, நாற்பத்திரண்டாம் பக்கத்துல கங்காணி மக பேரு மாறிப்போச்சே” என்று கேளுங்கள். கோபித்துக்கொள்வார், புலனத்தில் இரண்டு நாள் பூப்படம் அனுப்பமாட்டார். பரவாயில்லை. உறையில் ஐம்பது வைக்க வசதியில்லாதவர்கள் இருபதே வையுங்கள். பக்க எண்ணை மட்டும் சொல்லிக் கேளுங்கள்.