நான் பிறந்த வருஷம் சரியில்லையாம்

போர்தோ, பிரான்ஸ்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குடும்ப வாட்ஸப்பில் அப்பா போட்ட என் பிறந்தநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த வழுக்கைத் தலைக்காரர் பாட்டிலுக்கு அடியில் மெழுகுவத்தியைக் காட்டிக்கொண்டு என்ன செய்கிறார், பில்லி சூனியமா?" என்று கேட்டிருந்தீர்கள். பின்னாலிருந்து பெரியம்மா, "முதல்ல அவன் கையில என்னன்னு கேளுங்க" என்றதும் காதில் விழுந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே வயல் பேச்சுக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

கையில் இருந்தது ஒயின்தான். ஆனால் பெரியம்மாவிடம் சொல்லுங்கள்: பத்துப் பேருக்கு இரண்டே பாட்டில். கிளாஸில் கால்வாசி ஊற்றுவார்கள், மீதி இடம் வாசனைக்காம். எல்லாரும் கிளாஸைச் சுழற்றுகிறார்கள், மூக்கை உள்ளே விடுகிறார்கள், கண்ணை மூடுகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள். குடிக்கிறவர் யாரும் இல்லை. இந்த ஊரில் சேர்ந்து கெட்டுப்போவதென்றால் ரொம்பப் பொறுமை வேண்டும்.

மெழுகுவத்திக்காரர் பல் டாக்டர். முப்பது வருஷம் படுக்கையில் கிடந்த பாட்டிலில், ஒயினின் துவர்ப்பும் நிறமும் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் வண்டலாக இறங்கிவிடும். அது கிளாஸில் விழுந்தால் வாயில் மண் மாதிரி நறநறக்கும். முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மறுநாள் அசங்காமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுகிறார்கள். பாட்டிலின் கழுத்துக்குக் கீழே வெளிச்சம் இருந்தால் வண்டல் வருகிற நிமிஷம் தெரியும், அங்கே நிறுத்திவிடலாம். சூனியம் இவ்வளவுதான்.

கார்க்கைப் பிடுங்கியதும் அவரேதான். பழைய கார்க் உளுத்துப்போயிருக்கும், திருகாணி போட்டால் தூள். அதற்கென்று இரண்டு தகடு வைத்த ஒரு கருவி. தகடுகளைப் பாட்டிலுக்கும் கார்க்குக்கும் நடுவே ஆட்டி ஆட்டி இறக்கி, திருகியபடியே மேலே இழுக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு, "வலிக்காது" என்று பாட்டிலிடம் சொன்னார். பாதி கார்க் உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. தொழில்முறையில் அவரிடம் பல்லைக் காட்டியிருக்கிற நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஒருவரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் அவர் பிறந்த வருஷத்து ஒயினைத் தேடிப் பிடித்துத் திறப்பார்கள். நீங்கள் சித்திரை ஒன்றாம் தேதி பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை, என்ன விளையும் என்று வாசிப்பீர்களே, அதே மாதிரி இவர்களுக்கும் வருஷ பலன் மனப்பாடம். வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் அறுவடை முடிந்த பிறகு பலன் சொல்கிறார்கள். தப்பவே தப்பாது.

"நீ எந்த வருஷம்?" என்றார்கள். 1991 என்றேன்.

ஒருவர் என் தோளைத் தட்டினார். ஒரு அம்மாள், "பாவம்" என்று முணுமுணுத்தாள். நான் பிறந்த அதே சித்திரையில், ஏப்ரல் 20க்கு மேல், ஒரு ராத்திரி இங்கே உறைபனி இறங்கி, துளிர்த்திருந்த கொடியெல்லாம் கருகிப்போயிற்றாம். பிழைத்ததில் கொஞ்சம் காய்த்தது, அதையும் அறுவடை நேரத்து மழை கெடுத்தது. நீங்கள் எனக்கு கஜகேசரி யோகம் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். போர்தோவில் அந்த யோகம் செல்லாது.

சரி, அண்ணன் எப்படி என்று கேட்டுவைத்தேன். 1990 என்றதும் மேஜையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அமோக வருஷமாம். ஸ்கூட்டர் சாவியைத் தினமும் தேடுகிற ஆளுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆறவில்லை. அப்புறம் உங்கள் 1961. கேட்டதும் பல் டாக்டர் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பூ உதிர்ந்து, மே மாதக் கடைசியில் பனியும் விழுந்து, விளைச்சல் குறைந்துபோய், நின்ற கொஞ்சத்தில் மொத்தச் சாரமும் திரண்ட வருஷமாம். முதல் வகுப்புத் தோட்டத்து 1961 ஒரு பாட்டில் ஆயிரம் யூரோவைத் தாண்டும். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா, நடமாடுகிறீர்களா என்றெல்லாம் விசாரித்தார்கள். காலையில் சைக்கிளில் போகிறார் என்றேன், ரொம்ப சந்தோஷம்.

வேகத்தில் பெரியம்மாவையும் சொல்லிவிட்டேன். 1965. யாரும் பேசவில்லை. ஒருவர் ரொட்டியைப் பிட்டார். அந்த வருஷம் முழுக்க மழையாம், பழமெல்லாம் அழுகிப்போயிற்றாம்.

முதல் வகுப்பு என்றேனே, அதுவும் உங்களுக்குப் பிடிக்கும். 1855இல் பாரிஸ் பொருட்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியன் கேட்டான் என்று இங்கத்துத் தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் அதே பட்டியல்தான். இத்தனை வருஷத்தில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஏறியது ஒரே ஒரு தோட்டம், மூத்தோன், 1973இல். தாலுகா ஆபீஸ் சீனியாரிட்டி லிஸ்டை நீங்கள் அநியாயமாகத் திட்டியிருக்கிறீர்கள்.

எங்கிருந்தோ தேடிப்பிடித்த 1991ஐ முதலில் ஊற்றினார்கள். ஆறிய கட்டன் சாயா. "1991க்கு இது பரவாயில்லை" என்று ஆளுக்கு ஆள் ஆறுதல் சொன்னார்கள். நானும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன், வேறு யார் குடிப்பார்கள்? அடுத்து போயாக் ஊர் 1990. அது வேறு ஜாதி, பொய் சொல்லக் கூடாது. மூக்கை வைத்ததும் எனக்கு என்னவோ ஆயிற்று. சுற்றிலும் பிரெஞ்சுக்காரர்கள் தேவதாரு, தோல், காளான் என்று அடுக்குகிறார்கள். நான், "எங்கள் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டி, மூடியைத் திறந்ததும் வரும் புகையிலை" என்றேன். ஒரு நிமிஷம் மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். புகையிலை வாசனை பழைய போயாக்கின் அடையாளமாம். அன்றிலிருந்து இந்தக் கூட்டத்தில் எனக்கு மூக்குக்காரன் என்று பெயர். கிளாஸை நான்தான் ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை. திறந்து நேரமானால் பழைய ஒயினில் வாசனை நிற்காது என்றார்கள். அதனால்தான்.

இத்தனை கௌரவம் செய்கிறவர்கள், என் பிறந்தநாளுக்கு என்னைச் சமைக்க விடவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். மிளகாய் பட்டால் பழைய ஒயின் செத்துப்போகுமாம். திராட்சைக் கொடிச் சுள்ளியில் மாட்டிறைச்சி வாட்டினார்கள். நான் சாப்பிடமாட்டேன் என்று எனக்கு மட்டும் காளான். "நீ ரொட்டி வாங்கி வா, போதும்" என்றார்கள். வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோர்மிளகாய் வறுத்துத் தயிர்சாதம் சாப்பிட்டேன். என் மனைவி எழுந்து வந்து, "பெரிய இடத்து விருந்தா?" என்றாள்.

பாப்பா விஷயம் மட்டும் நல்ல சேதி. அவள் பிறந்த 2022 பிரமாதமான வருஷமாம். அந்தக் கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி, இந்தப் பக்கத்துப் பைன் காடெல்லாம் எரிந்து, நீங்கள் பயந்துபோய் தினம் போன் செய்தீர்களே, அந்த வெயில்தான் திராட்சைக்கு நன்மை செய்திருக்கிறது. ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே பணம் கட்டி அவள் பேரில் ஆறு பாட்டில் வாங்கிவிட்டேன். வைக்கத்தான் இடமில்லை. பன்னிரண்டு டிகிரிக் குளிர்ச்சியில், இருட்டில், அசங்காமல் கிடக்க வேண்டும். நிலவறை உள்ள வீட்டுக்கு வாடகை கொடுக்க நம்மால் ஆகாது, நாங்களே வருஷத்துக்கு வருஷம் விசா காகிதத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். பாட்டில்கள் பல் டாக்டர் வீட்டு நிலவறையில் படுத்திருக்கின்றன. 2045 வாக்கில் திறந்தால் சரியாக இருக்கும் என்கிறார். அப்போது நாங்கள் எந்த ஊரில் இருப்போம் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் பாப்பா ஜாதகத்தில் பார்த்தால் வெளிநாட்டு வாசம் எவ்வளவு தூரம் போகிறது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வருவேனா என்று அண்ணன் கேட்கச் சொல்லியிருப்பான். தலைக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கத்தில் விடுவார்கள், ஆனால் விமானத்தில் குலுங்கி வந்தால் வண்டலெல்லாம் கலங்கிவிடும் என்று சொல்லுங்கள். அவனுக்குத் தன் வருஷத்தின் பெருமை தெரியவே வேண்டாம்.

பெரியம்மாவுக்கு 1965 விஷயத்தை வாசித்துக் காட்டாதீர்கள். அப்படியே தெரிந்து கோபித்துக்கொண்டால், பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் 1966 என்றுதானே போட்டிருக்கிறது, நான் பல் டாக்டரிடம் கேட்டுவிட்டேன், 1966 நல்ல வருஷமாம், நாங்கள் இங்கே சர்ட்டிபிகேட்டைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூக்குக்காரன்